எண்பது சதவீதம்னா என்ன அர்த்தம் சார்?

போன மாசம் எங்க அக்காவைப் பொண்ணு பார்த்துட்டுப் போன வீட்டிலிருந்து ஒரு போன். பேசியது மாப்பிள்ளையோட அண்ணன். பயோடெக் படிச்சவராம். ரொம்ப நாகரிகமாத்தான் பேசினார். "உங்க சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டோம் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கிசோஃப்ரினியா எண்பது பர்சென்ட் பரம்பரை. நானே நெட்ல பார்த்தேன். நாளைக்குப் பொறக்கப்போற குழந்தைங்களை யோசிக்கணும் இல்லையா?" வெச்சுட்டார். எனக்கு பதில் சொல்லக்கூட வாய் வரலை. லிஃப்ட்ல எல்லாம் கேட்டுட்ட பிறகுதானே நமக்கு பதில் தோணும்? அந்த பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க சித்தப்பாவைப் பத்திச் சொல்லிடறேன். எங்க ஊர் செஞ்சி. 1998ல் அவருக்கு இருபத்திரண்டு வயசு. ராஜகிரி உச்சியில ஸ்பீக்கர் கட்டி ராத்திரி முழுக்கத் தன்னைப் பத்தியே பேசறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சார். அப்புறம் சாப்பாட்டுல ஏதோ கலக்கறாங்கன்னு. ஆயா அவரை மேல்மலையனூர் அமாவாசைக்கு பதினோரு தடவை கூட்டிட்டுப் போச்சு. ஏவல்னாங்க, எடுத்தாங்க. அப்புறம் ஊர்ப் பெரியவங்க எல்லாரும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாங்க: கால்கட்டு போட்டா சரியாயிடும். போட்டாங்க. விஷயம் தெரியாம வந்த அந்தப் பொண்ணு எட்டே மாசத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு நாங்க செஞ்சது துரோகம். மழுப்ப எதுவும் இல்லை.

மனநல டாக்டரை அவர் பார்த்தது அதுக்கப்புறம்தான். ஆறு வருஷம் வீணாப்போச்சு. இப்போ மாத்திரை சாப்பிடறார், ரெண்டு மாடு வெச்சிருக்கார், சொசைட்டிக்குப் பால் ஊத்தறார். மல்லாட்டை அறுப்பு சீசன்ல கமிட்டிக்கு மூட்டை ஏத்திட்டுப் போறதும் அவர்தான். குரல் முழுசா நிக்கலை. "கேக்குது, ஆனா நான் பதில் சொல்றதில்ல"ன்னுவார்.

இப்ப அந்த எண்பதுக்கு வருவோம்.

பயோடெக் அண்ணன் பொய் சொல்லலை. எரிச்சலே அதுதான். இரட்டையர் ஆய்வுகளில் ஸ்கிசோஃப்ரினியாவின் 'ஹெரிடபிலிட்டி' கிட்டத்தட்ட எண்பது சதவீதம் என்றுதான் வருகிறது. 2018ல் டென்மார்க்கின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்விலும் 79 தான். ஆனால் அது எதனுடைய எண்பது? ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் எத்தனை பங்கு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. உங்க பிள்ளைக்கு நோய் வர எண்பது சதவீத வாய்ப்பு என்பதல்ல.

நம்ம ஆளுங்க பாதிப்பேர் சாஃப்ட்வேர்தானே, நம்ம பாஷையிலயே சொல்றேன். உங்க சர்வரோட ரெஸ்பான்ஸ் டைம் ஏறி இறங்கறதுல எண்பது சதவீதத்துக்கு டேட்டாபேஸ்தான் காரணம்னு மானிட்டரிங்ல தெரியுது. அதைப் பார்த்துட்டு "அப்போ டேட்டாபேஸுக்குப் போற ரெக்வெஸ்ட்ல எண்பது சதவீதம் ஃபெயில் ஆகும்"னு ஒருத்தன் மேனேஜருக்கு மெயில் போட்டா என்ன பண்ணுவீங்க? அந்த மெயிலைத்தான் எங்க வீட்டுக்குப் போட்டிருக்கார்.

வாய்ப்பு எவ்வளவுங்கறது வேற கணக்கு. பொது ஜனத்தில் வாழ்நாளில் நூற்றுக்கு ஒருவர், சரியாச் சொன்னா அதைவிடக் கொஞ்சம் கம்மி. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குச் சுமார் பத்து. அதாவது பெற்றவருக்கே இருந்தாலும் நூத்துக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு வர்றதில்லை. சித்தப்பா, மாமா, அத்தை என்று ஒரு படி தள்ளினால் மூன்று, நான்கு. எங்க அக்காவோட குழந்தைக்கு அவர் இன்னும் ஒரு படி தள்ளி. அங்கே போனால் எண் மறுபடி அந்தப் பொதுவான ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அக்காவுக்கு முப்பது வயசு. இது பெரும்பாலும் பதின்வயசின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிற நோய். அவளுக்கான ஆபத்திலும் பெரும்பகுதி கடந்துபோச்சு. கணக்கு டீச்சர் அவ. இதையெல்லாம் நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல போட்டு வெச்சிருந்தா. யாரும் கேக்கலை.

எல்லாத்தையும் விட பெரிய அடி ஒன்று இருக்கு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். ஒரே ஜீன், ஒரே வயிறு, பெரும்பாலும் ஒரே வீடு. அப்படியும் பாதியைத் தாண்டலை. இதில் 'ரத்தத்துலயே இருக்கு'ன்னு தலையெழுத்து மாதிரி பேச என்ன இருக்கு?

அடுத்தது, அந்த ரத்தம் யாருடைய ரத்தம்? ஏதோ 'ஸ்கிசோஃப்ரினியா ஜீன்'னு ஒண்ணு எங்க குடும்பத்துல மட்டும் பதுங்கி உட்கார்ந்திருக்குன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார். 2014ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு மரபணுத் தொகுதியில் 108 இடங்களைக் காட்டியது. 2022ல் 76,755 நோயாளிகளையும் நோயில்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டபோது 287 இடங்கள் ஆச்சு. ஒவ்வொண்ணும் வாய்ப்பை ஏத்தறது ஒரு சிட்டிகை அளவு. அந்தச் சிட்டிகைகள் ஏராளமாக எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் உண்டு. சுத்த ரத்தம்னு ஒரு வீடு இந்தப் பூமியில கிடையாது. 22ம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போனவர்களில் நாலில் ஒருவருக்கு இந்த மாதிரி நோய் வருகிறது, உண்மைதான். ஆனா அது அபூர்வம், அதைத் தனியாகப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளவும் முடியும். நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நெருங்கிய சொந்தத்தில் இந்த நோய் உள்ளவர் யாருமே இல்லை என்பதையும் சேர்த்துக்குங்க. 'நல்ல குடும்பமா' பார்த்துப் பண்ணினாலும் தப்பிக்க வழியில்லை சார்.

அப்போ ஜீனே இல்லைன்னு சொல்றியான்னு எதிர்ப்பக்கம் ஒரு கோஷ்டி சந்தோஷப்பட வேண்டாம். உங்களுக்கும் இருக்கு. "எல்லாம் வளர்ப்பு சார், சமூகம்தான் பைத்தியமாக்குது, ஜீன்னு சொல்றது மருந்துக் கம்பெனி சதி"ன்னு பேசற அறிவுஜீவி நண்பர்கள் எனக்கு நிறைய. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த வாதம் கடைசியில எங்க ஆயா தலையிலதான் போய் விழும். விழுந்துச்சு. கிரகணத்துல வெளிய வந்தாளாம், செல்லம் கொடுத்தாளாம், கண்டிச்சு வளர்க்கலையாம். ஊர்ல கிழவிங்க சொன்னதை மேல்நாட்டுல டாக்டர்களே சொல்லிக்கிட்டிருந்தாங்க. 1948ல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்கிற மனநல மருத்துவர் நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லையே உருவாக்கினார். பிள்ளைக்கு நோய், பழி அம்மாவுக்கு.

அதை உடைச்சதே மரபணு ஆராய்ச்சிதான். 1966ல் ஹெஸ்டன் என்பவர் அமெரிக்காவில், நோயுள்ள தாய்மார்களிடமிருந்து பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். ஐந்து பேருக்கு ஸ்கிசோஃப்ரினியா. அதே மாதிரி பிரிந்து வளர்ந்த, நோயில்லாத தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. வளர்த்த கை காரணமில்லை என்று ஆயாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். தெரியாமலே போய்ச் சேர்ந்துச்சு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைன்னும் தள்ள முடியாது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் ஆரம்பித்த ஸ்கார்ஃப் அமைப்பு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து நம்ம குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறது. 2009ல் வந்த ஆய்வு தமிழ்நாட்டுக் குடும்பங்களை மட்டும் வைத்தது. 1ம் குரோமோசோமில் ஒரு இடத்தைக் காட்டியது. 2019ல் தென்னிந்தியர்கள் சுமார் மூவாயிரம் பேரை வைத்துச் செய்ததில் நயாசினை, அதாவது வைட்டமின் பி3யை, உடம்பு கையாளுகிற ஒரு ஜீன் மாட்டியது. (உடனே பி3 மாத்திரை வாங்க ஓடாதீங்க. 1950களிலேயே அதை வைத்தியமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பின்னாடி நடந்த ஒழுங்கான சோதனைகளில் நிற்கவில்லை.) 2016ல் சி4 என்கிற ஜீன் பற்றி வந்த கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் பிடிச்சது. வளரும் மூளையில் தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழிப்பதில் அதுக்குப் பங்கு இருக்கு. அது கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சா, களை எடுக்கறவன் மல்லாட்டைச் செடியையும் சேர்த்துப் பிடுங்கற மாதிரி ஆகுதோ என்பது சந்தேகம். நோய் ஏன் பதின்வயசு முடியும்போது வருதுன்னு யோசிச்சா பொருந்துது. பேய்க்கு ஏன் இருபது வயசுப் பசங்களை மட்டும் அவ்வளவு பிடிக்குதுன்னு எந்தப் பூசாரியும் எனக்கு விளக்கினதில்லை.

ஆக ஜீனுக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கு. அதை வெச்சு ஆளைக் கழிக்க முடியாது, அவ்வளவுதான். கழிச்சுப் பார்த்தவங்க இருக்காங்க. 1933ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. அதை எழுதினவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின் ஸ்கிசோஃப்ரினியா பரம்பரையை ஆராய்ந்த முன்னோடி விஞ்ஞானி. சுமார் நாலு லட்சம் பேருக்குக் கட்டாய கருத்தடை. 1940, 41ல் மட்டும் எழுபதாயிரம் நோயாளிகளுக்கு விஷவாயு. இத்தனை செஞ்சும் போருக்குப் பின் அங்கே இந்த நோய் ஒழியலை, புதுசா வர்றவங்க வந்துகிட்டேதான் இருந்தாங்க. பயோடெக் அண்ணனை நாஜின்னு சொல்லலை. நல்ல மனுஷனாத்தான் இருப்பார். "நாளைக்குப் பொறக்கப்போற குழந்தைங்க"ங்கற வாக்கியம் எந்தத் தெரு வழியா வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம்.

சட்டமே இதைவிடப் பக்குவமா இருக்கு. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான மனநோய்ப் பிரிவில் 1976லிருந்து ஸ்கிசோஃப்ரினியா பேர் சொல்லியே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேரை ஒட்டிவிட்டால் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கா என்று பார்க்கணும் என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013ல் இதே நோயைக் காரணம் காட்டி வந்த ஒரு கணவருக்கு விவாகரத்து கொடுக்கவும் மறுத்தது. அங்கே நோய் இருப்பதாகச் சொன்னது மனைவிக்கே. இங்கே அக்காவுக்கு எதுவுமே இல்லை.

இவ்வளவு வாய் கிழியப் பேசற நான் என்ன பண்ணினேன்னும் சொல்லணும். ரெண்டு வருஷமா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற ஒவ்வொரு தடவையும் சித்தப்பா கையில நூறு ரூபா கொடுத்து கோட்டைப் பக்கம் போயிட்டு வரச் சொன்னது நான்தான். அவரும் போவார். சாயங்காலம் வரைக்கும் கல்யாண மகால் நிழல்ல உட்கார்ந்திருந்துட்டு, "போயிட்டாங்களா?"ன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வருவார். 2001ல் ஏர்வாடியில் சங்கிலியோட எரிஞ்சு செத்த 28 பேரைப் பத்தி காலேஜ்ல கண்ணீர் விட்டுப் பேசி ப்ரைஸ் வாங்கினவன் நான். எங்க சங்கிலி நூறு ரூபா நோட்டு.

மறைச்சதால என்ன லாபம்? எப்படியும் யாரோ சொல்லிடறாங்க. மறைச்சோம்னு தெரிஞ்ச உடனே சாதா விஷயம்கூடக் குற்றமாயிடுது. மறுபடி ஒரு வீட்டுப் பொண்ணை ஏமாத்தின மாதிரி, இந்தத் தடவை ஒரு பையனை.

அதனால போன வாரம் தரகர் திண்டிவனத்து வரன் ஒண்ணு சொன்னப்போ, நானே அவங்க அப்பாவுக்கு போன் பண்ணி சித்தப்பா விஷயத்தை முழுசா சொல்லிட்டேன், மேலே இருக்கிற கணக்கோட. அம்மா நாலு நாளா என்கிட்ட பேசலை. அக்கா மட்டும் "பர்சென்டேஜ் கரெக்டா சொன்னியாடா?"ன்னு கேட்டா. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ஞாயித்துக்கிழமை வர்றோம்னு சொல்லியிருக்கார். வர்றாங்களா பார்க்கலாம். சித்தப்பா திண்ணையிலதான் இருப்பார். புது வேட்டி எடுத்தாச்சு.