தரிசு என்று சொல்லாதீர்!



மேட்டுப்பாளையத்தில் வந்திறங்குவோரின் கண்கள் எல்லாம் நீலகிரியை நோக்கியே உயர்கின்றன. 1899-ஆம் ஆண்டு முதல் குன்னூருக்கு ஏறிச் செல்லும் மலை ரயிலும், பசுமை போர்த்திய சரிவுகளுமே அழகு என எண்ணிப் பழகிவிட்டோம். ஒருமுறை கிழக்கே திரும்பி, அன்னூர், அவிநாசி, திருப்பூர் வழியாகக் காங்கேயம் வரை சென்று பாருங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் நீரின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று வறண்டுவிடுகிறது. ஆதலால் இப்பகுதி மழை மறைவுப் பிரதேசமாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையே இதற்குப் பெருந்துணை.

அங்கே காண என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அலையலையாய் ஏறி இறங்கும் மேட்டு நிலம். குடை விரித்தாற்போல் நிற்கும் வெள்வேல மரங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. இத்தகைய மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்பர் இவ்வட்டார உழவர். உள்ளே வளர்வது கொழுக்கட்டைப் புல். கோடையில் அது பழுப்பேறிக் கிடந்தாலும் வேர் மடிவதில்லை. மழை கண்டதும் தளிர்க்கும். புல் காய்ந்த நாட்களில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து ஆடுகளின் பசி தீர்க்கின்றன. உயிர்வேலி காவல் நிற்பதால், மேய்ப்பவர் உடன் நில்லாமலே மாடுகள் மேயும். புகழ்பெற்ற காங்கேயம் காளைகள் இந்நிலத்தில் மேய்ந்து உரம் பெற்றவையே!

சிந்தித்துப் பாருங்கள். மலையின் பசுமை மழை தந்தது. இந்த அழகோ, கிடைத்த சிறிது நீரில் மண்ணையும் மரத்தையும் கால்நடையையும் ஒருங்கே வாழவைத்த உழவரின் அறிவால் விளைந்தது. அதை அறியாமல் நாம் 'தரிசு' என்கிறோம். அந்த ஒரு சொல்லே நிலத்தின் விலையைப் பேசத் தொடங்கிவிடுகிறது. வேலி பிடுங்கப்படுகிறது, மரம் வீழ்கிறது, மனைக் கற்கள் முளைக்கின்றன.

பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மக்கள் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற நன்மை அது. நீரைக் குழாய் வழியே கொண்டுவரலாம். ஒரு தலைமுறை வளர்த்த வேலியையும் மரத்தையும் எந்தக் குழாயில் கொண்டுவருவது?

உங்கள் குடும்பத்தில் இத்தகைய நிலம் இருக்குமானால், பாகம் பிரிக்கும்போது அதனை வெறும் சென்ட் கணக்காகப் பார்க்காதீர்கள். நிலமற்றவர்கள், கார்த்திகை மழைக்குப் பின் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். தளிர்த்த புல்லைக் கண்ட பிள்ளை, அந்நிலத்தைத் தரிசு என்று சொல்லாது.