அட்டையில் இல்லாத பெயர்

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம், பழைய மாணவி ஒருத்தி நனைந்த துப்பட்டாவோடு இலஞ்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். செல் உயிரியலில் முனைவர் பட்டம் முடித்தவள். ஒரு கல்லூரியில் நேர்காணல் முடித்து நேரே வந்திருக்கிறாள்.

“என்னம்மா கேட்டாங்க?”

“எத்தனை பேப்பர், ஹெச் இன்டெக்ஸ் எவ்வளவு, ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ன, அவ்வளவுதான் சார். என்ன கண்டுபிடிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல.”

செல்லைப் பார்க்க இவள் என்னிடம்தான் பழகினாள். டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்து வேர் விடச் செய்து, நுனியை வெட்டி, அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மினில் சாயமேற்றி, கண்ணாடிச் சில்லால் மூடிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் லேசாக நழுவினாலும் எல்லாம் கூழ். பக்குவமாக அழுத்தினால் 16 குரோமோசோம்கள் பிரிந்து தெரியும். முதல் வாரம் அவள் எண்ணியது 14. திரும்பச் செய் என்றேன். மூன்றாம் வாரம்தான் 16 வந்தது.

இப்படிக் குரோமோசோம் எண்ணியே உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931-ல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தவர். பிறகு இங்கிலாந்து. 1945-ல் டார்லிங்டன் என்ற மரபியலாளரோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஓர் அட்லஸ் கொண்டுவந்தார். இரண்டு செடிகளைக் கலப்பினம் செய்ய நினைப்பவர் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம். அகராதி மாதிரி. அகராதியைப் பார்த்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அகராதிக்கு நன்றி சொல்வதில்லை.

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன ஹெச் இன்டெக்ஸை இவருக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றையும் பத்துப் பேராவது மேற்கோள் காட்டினால் உங்கள் எண் பத்து. ஒரே ஒரு புத்தகத்தை ஆயிரம் பேர் காட்டினாலும் அதற்குக் கிடைப்பது ஒன்றுதான். இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளோடு நின்றுவிடும். இருபது வருடம் கழித்து ஒருவர் தேடி எடுத்துப் படித்து மேற்கோள் காட்டினாலும் அது கணக்கில் வராது. இன்னொன்று: அட்லஸின் அடுத்த பதிப்பு 1955-ல் வேறு தலைப்போடு வந்தபோது அட்டையில் இருந்தவை டார்லிங்டன், வைலி என்ற பெயர்கள். ஜானகி அம்மாள் இல்லை. அதை மேற்கோள் காட்டியவர்களின் கணக்கு யார் பேரில் ஏறியிருக்கும்?

ஜர்னலின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்ற பிரகடனத்துக்கு வித்திட்டதும் செல் உயிரியல்காரர்கள்தான். 2012 டிசம்பரில், அமெரிக்கச் செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்துக்கு சான் பிரான்சிஸ்கோ வந்திருந்தவர்கள் கூடிப் பேசியதில் பிறந்தது அது. நம் தேர்வுக் குழுக்களின் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலும்.

எண்ணே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண்ணைத் தூக்கிவிட்டால் அந்த நாற்காலியில் சிபாரிசும் சாதியும் வந்து உட்காரும். ஆனால் முதல் சல்லடையாக மட்டும் எண் இருக்கட்டும். பிறகு, வந்தவரின் மிகச் சிறந்த கட்டுரை ஒன்றை வாங்கி, குழுவில் இருவராவது முழுதாகப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேசட்டும். ஒருவருக்கு அரை நாள் செலவாகும். செலவாகட்டும்.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை கொஞ்சம் குறைவு. பதவி உயர்வுப் புள்ளிக்காக நானும் ஒருமுறை ஒரு பத்திரிகைக்குப் பணம் கட்டினேன். நாலே நாளில் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. அந்தக் கட்டுரையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நானே திரும்பப் படிக்கவில்லை.

கிளம்பும் முன் அவள் பையிலிருந்து, குற்றாலத்துச் சாலையோரம் வாங்கிய மங்குஸ்தானை எடுத்தாள். அடியைத் திருப்பிக் காட்டி, “ஆறு இதழ். உள்ள ஆறு சுளை இருக்கும் பாருங்க சார்” என்றாள். உடைத்தோம். ஆறுதான். இரண்டில் மஞ்சள் பால் ஏறிக் கசந்தது.