37 நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள்



கடந்த இரண்டு வாரங்களாக நம் சபையின் கைபேசிக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. பேய்ப்படம் பார்க்கிற வீட்டில் அசுத்த ஆவி குடியேறும் என்றும், பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் மடிக்கணினிகளைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் அது சொல்லுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். ஒரு தாயார் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆயர் இல்லத்துக்கே வந்துவிட்டார். அவன் செய்த குற்றம் யாதெனில், பிணங்கள் எழுந்து நடக்கும் ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். பயந்திருந்தால்கூடத் தாயின் மனம் ஆறியிருக்கும். சிரித்தான் என்பதுதான் அவரைக் கலங்கச் செய்தது. ஜெபிக்கச் சொன்னார், ஜெபித்தேன். அவர்கள் போனபின்பு அந்தப் படத்தை நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கோபிக்க உரிமை இல்லை. ஏனெனில் இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தவன். வேறொரு சபையில் ஊழியம் செய்த நாட்களில், வாலிபர் முகாமின் கடைசி இரவில், ஒரு பையனை முன்னே அழைத்து, அவன் சேர்த்து வைத்திருந்த திகில் படக் குறுந்தகடுகளை எல்லாருக்கும் முன்பாக உடைக்கச் சொன்னேன். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அவன் ஒவ்வொன்றாக உடைத்தான். அவற்றில் ஒன்றையும் நான் பார்த்திருக்கவில்லை. உறையின் மேலிருந்த படத்தைக் கொண்டே தீர்ப்புச் சொன்னேன். மறுவாரம் அவன் ஆராதனைக்கு வரவில்லை. அதற்குப் பின்பும் வரவில்லை. அன்று உடைந்தவற்றில் ஜார்ஜ் ரோமெரோவின் 1968-ம் ஆண்டுப் படம் ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் ஜப்பானியப் படம். ஆங்கிலத்தில் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' என்று பெயர். 2017-ல் ஷினிச்சிரோ உவேதா என்பவர் சுமார் 30 லட்சம் யென்னில், எவரும் அறியாத நடிகர்களை வைத்து எடுத்தார். முதல் 37 நிமிடங்கள் ஒரே ஓட்டத்தில், வெட்டின்றி எடுக்கப்பட்ட மலிவான ஜாம்பிப் படம். உண்மையைச் சொல்லுகிறேன், அது மிக மோசமாக இருந்தது. வசனம் தடுமாறுகிறது, நடிகர்கள் காரணமின்றி விழிக்கிறார்கள், காமெரா ஓரிடத்தில் தரையில் கிடக்கிறது. நானும் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பையன் சிரித்தது எங்கே என்று தெரிந்துகொள்ளவே உட்கார்ந்திருந்தேன்.

பின்பு கதை ஒரு மாதம் பின்னே போகிறது. ஒரு சிறிய இயக்குநர். எதையும் சுமாராக, சீக்கிரமாகச் செய்து கொடுத்துப் பிழைக்கிறவர். மகளுக்குத் தகப்பனிடத்தில் மதிப்பில்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவரிடம், வெட்டின்றி நேரலையாக ஒரு ஜாம்பிப் படம் எடுத்துத் தரச் சொல்லுகிறது. ஒளிபரப்பு நாளில் எல்லாம் குலைகிறது. நடிக்க வேண்டிய இருவர் வழியில் விபத்துக்குள்ளாகிறார்கள், ஒருவர் குடித்து விழுந்துகிடக்கிறார், இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. நாம் முதலில் பார்த்து முகம் சுளித்த ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் யாரோ ஒருவர் படத்தைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தார் என்று இப்பொழுது தெரிகிறது. அங்கேதான் நானும் சிரித்தேன். கண்ணீர் வர மட்டும் சிரித்தேன். கடைசியில், மேலிருந்து எடுக்கவேண்டிய காட்சிக்கான பாரந்தூக்கி உடைந்துபோகிறது. அந்தக் காட்சியை விட்டுவிடலாம் என்கிறார்கள். மகள் தகப்பனுக்காக ஒரு வழி கண்டுபிடிக்கிறாள்: நடிகரும் ஊழியரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரமாக நிற்க, உச்சியில் அவள் காமெராவுடன் உட்காருகிறாள். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று வாலிபர்கள் கோபிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்தப் படத்தைத்தான், "பயமுமில்லை, பக்தியுமில்லை, ஒரே கலப்படம்" என்று நம் மூப்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் 37-ம் நிமிடத்தில் எழுந்து போயிருப்பார். நாம் அப்படிப்பட்டவர்கள், பிரியமானவர்களே. ஒரு பிள்ளையின் காரியத்தில் முதல் 37 நிமிடங்களைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், வாசலில் நின்று தீர்ப்பு எழுதுகிறோம். 30 லட்சம் யென்னில் எடுத்த அந்தப் படத்துக்கு ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலானது. விளம்பரத்துக்குப் பணமில்லாத படம் அது. கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் போய் மற்றவர்களுக்குச் சொன்னார்கள், அவ்வளவே.

கலப்படம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பயத்தோடு சிரிப்பையும், சிரிப்போடு குடும்பப் பாசத்தையும் கலப்பது பயபக்தியற்ற செயலாம். அப்படியானால் வேதத்தை என்ன செய்வது? எந்தோரின் அஞ்சனக்காரியிடம் சவுல் இரவில் மாறுவேடத்தில் போன அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மரித்த சாமுவேல் எழும்பி வருகிறான். ராஜா நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறான். அதற்கு மேல் திகில் உண்டோ? ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. அந்த ஸ்திரீ வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாப்பிசைந்து, அப்பம் சுட்டு, பசியாயிருந்தவனை வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறாள். பேய்க்கதை சமையலறையில் முடிகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில், மரணத்துக்குக் குறிக்கப்பட்ட பேதுரு சிறையிலிருந்து விடுதலையாகி வந்து கதவைத் தட்டும்போது, ரோதை என்னும் பெண் சந்தோஷ மிகுதியால் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுகிறாள். அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அவனை நம்பவில்லை. இதை வாசித்துச் சிரிக்காதவர் இன்னும் சரியாக வாசிக்கவில்லை. இறையியல் கல்லூரியில் எங்களுக்கு இலக்கிய வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் கற்றுக்கொடுத்தார்கள். வேதத்தை எழுதினவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்தவர்கள் அல்லர்.

இனி, அந்தப் பையன் என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து உடைத்த படம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள், ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரம் டாலரில், பென்சில்வேனியாவின் ஒரு பண்ணைவீட்டில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. இரத்தமாகக் காட்டப்பட்டது சாக்லேட் பாகு. எழுந்து நடக்கும் பிணங்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்ள, உள்ளே ஏழு பேர். பிணங்களைவிட உள்ளே இருக்கிறவர்களின் சண்டைதான் பெரிது: நிலவறையில் பதுங்குவதா, மேலே நின்று போராடுவதா? இடையிடையே தொலைக்காட்சிச் செய்தி ஓடுகிறது. பாதி முற்றுகைக் கதை, பாதி செய்திப்படம் போலவே அது நகர்கிறது.

அவர்களைக் காக்க முயலும் பென் என்ற பாத்திரத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர். படத்தில் எவரும் அவருடைய நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரவு முழுவதும் போராடி அவர் ஒருவரே உயிரோடு மிஞ்சுகிறார். விடியற்காலையில், பிணங்களை வேட்டையாடும் துப்பாக்கிக் கூட்டம் வருகிறது. ஜன்னலருகே வந்த பென்னையும் பிணமென்று கருதித் தலையில் சுடுகிறார்கள். கொக்கிகளோடு வந்து உடலை இழுத்துப்போய் நெருப்பில் இடுகிறார்கள். அந்தக் கடைசிக் காட்சிகள் மட்டும் அசையாத, சொரசொரப்பான புகைப்படங்களாக வருகின்றன. பழைய செய்தித்தாளில் கும்பல் கொலைகளின் படங்களைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. முடிந்த படத்தை நியூயார்க்குக்கு வண்டியில் கொண்டுபோன வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரோமெரோ பிற்காலத்தில் சொன்னார். கிங் நம்மைப்போல ஒரு போதகர். அந்த ஆண்டில் எத்தனை பிரசங்க பீடங்கள் அந்தச் சாக்லேட் பாகுப் படத்தின் அளவுக்காவது உண்மையைச் சொல்லின என்று கேட்டுப்பார்க்கிறேன். இந்தப் படத்தைத்தான் நான் நெருப்பருகே நின்று உடைக்கச் சொன்னேன்.

ஆகையால் எல்லாத் திகில் படங்களையும் நான் ஆசீர்வதிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். பெண்ணின் உடலைச் சிதைத்துக் காட்டுவதையே சரக்காக விற்கும் படங்கள் உண்டு. அவற்றுக்காக ஒரு வரியும் நான் எழுதமாட்டேன். சிறு பிள்ளைகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். ரோமெரோவின் அதே படத்தை அமெரிக்காவில் பிள்ளைகள் வரும் பகல் காட்சியிலே போட்டார்கள். வயது வரம்பு குறிக்கும் முறை அடுத்த மாதந்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் இருக்கையில் உறைந்து அழுததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். குற்றம் பிள்ளைகளை உள்ளே விட்டவர்களுடையது.

ஆனால் கண்டிக்கவேண்டியதை நாம் கண்டிப்பதில்லை. 1999-ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தது. மூன்று இளம் நடிகர்களை மேரிலாந்தின் காட்டில் எட்டு நாள் விட்டு, கையில் காமெராவைக் கொடுத்து, நாளுக்கு நாள் உணவைக் குறைத்து எடுத்த படம். ஆவணப்படமும் திகிலும் ஒன்றாய்க் கலந்தது, அதில் தவறில்லை. ஆனால் காணாமற்போன மாணவர்கள் விட்டுச்சென்ற உண்மைப் படச்சுருள் இது என்று இணையதளத்திலும் துண்டுப்பிரசுரங்களிலும் பரப்பினார்கள். நடிகர்களின் சொந்தப் பெயர்களையே பயன்படுத்தினார்கள். உயிரோடிருக்கும் நடிகையின் தாயாருக்கு இரங்கல் அட்டைகள் வந்தன. படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் டாலர் ஈட்டியது. அந்த மூவரோ 2024-ம் ஆண்டிலும் தங்களுக்குரிய நியாயமான பங்கைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படத்தைக் கண்டித்து நமக்குள்ளே பேசியவர்கள் எல்லாரும் சூனியக்காரியைப்பற்றியே பேசினார்கள். அவளோ திரையில் ஒருமுறையும் தோன்றுவதில்லை! பொய்யைச் சொல்லி விற்றதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. கூலியைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. யாக்கோபு தன் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் ஐசுவரியவான்கள்மேல் தொடுக்கிற வழக்கு எதைப்பற்றியது என்று இன்று இரவு வாசித்துப் பாருங்கள்.

ஏன் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பயத்தை உண்மைச் சம்பவம் என்று சொல்லி விற்கிற வழக்கம் நமக்கும் உண்டு. நரகத்தை நேரில் கண்டேன் என்ற சாட்சிகள், பிசாசு பிடித்த பெண்ணின் முகத்தை மறைக்காமல் ஒளிபரப்பும் காணொளிகள், அவற்றின் கீழே காணிக்கைக்கான வங்கிக் கணக்கு எண். அவளிடம் ஒருவர் சம்மதம் கேட்டதுண்டா? உவேதாவும் ரோமெரோவும் இது கதை என்று சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். நம்முடைய குழுக்களில் சுற்றும் அந்தச் செய்தியை எழுதினவருக்கு அந்த நேர்மை இல்லை. அது எந்த வீட்டில் நடந்தது, யார் பார்த்தார் என்று நான் திரும்பக் கேட்டேன். நால்வரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, சபை மண்டபத்தில், வாலிபர் ஐக்கியத்தோடு அந்த ஜப்பானியப் படத்தைப் பார்க்கப்போகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பெற்றோரும் மூப்பர்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். சிறு பிள்ளைகளை அழைத்துவராதிருங்கள். மடிக்கணினி பறிக்கப்பட்ட தம்பிதான் படத்தை அறிமுகம் செய்வான். அவன் தாயார் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். என்னோடு வாதாட விரும்புகிறவர்கள் படம் முடிந்தபின் வாதாடலாம், தேநீர் உண்டு. 37-ம் நிமிடத்தில் எழுந்து போகிறவர்களுக்குத் தேநீர் இல்லை.

குறுந்தகடுகளை உடைத்த அந்தப் பையனுடைய முகவரியை, பழைய சபை நண்பர் ஒருவர் மூலமாகப் பெற்று, போன மாதம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.