தோட்டத்திற்கும் வரைபடம் வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. 1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை ஒன்று அங்கே அமைந்துள்ளது. ஆலைகளில் உழைப்போர் பலர், சுற்றியுள்ள ஊர்களில் அரை கிரவுண்டு மனை வாங்கிச் சிறு வீடு கட்டி வாழ்கின்றனர். வீடு போக எஞ்சிய நிலத்தில் இரண்டொரு மரமும் ஒரு கீரைப் பாத்தியும் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். நல்ல விருப்பமே! ஆயினும், கன்று வாங்கிய கையோடு கண்ட இடத்தில் குழி தோண்டுதல் நன்றன்று. வீட்டிற்கு வரைபடம் வேண்டுமெனில், தோட்டத்திற்கும் அது வேண்டும்.

செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம். வளர்ந்த மரத்தை அவ்வாறு செய்தல் அரிது. தென்னைகளுக்கிடையே 25 அடி இடைவெளி வேண்டும். முழங்கால் உயரக் கன்றைக் காண்பவர்க்கு இது தோன்றுவதில்லை. சுவரையொட்டி நட்ட வேம்பு, ஆண்டுகள் சென்றபின் சுவரை விரிசலுறச் செய்யும். அப்பொழுது, நீரூற்றி வளர்த்தவரே அதனை வெட்ட நேரும். இதனினும் வருந்தத்தக்கது உண்டோ?

வரைபடத்தில் முதலில் குறிக்கத்தக்கது வெயில். இப்பகுதி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஆகலின், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஞாயிறு தென்புறம் சாய்ந்து செல்லும். நிழல் வடபுறம் விழும். தெற்கே பெருமரம் நின்றால், கத்தரியும் தக்காளியும் வெயில் காணா. எனவே, தென்புறத்தைப் பாத்திகளுக்கு விட்டு, வடக்கிலும் மேற்கிலும் மரம் வைத்தல் தக்கது. மேற்கில் நிற்கும் மரம், கோடையின் பிற்பகல் வெம்மையையும் தணிக்கும்.

அடுத்தது நீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். அந்நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு மழைக்காலம் நோக்கியபின் பாத்தி அமைத்தால் வேர் அழுகாது. குளியலறை நீர் செல்லும் வழியில் வாழை வைக்கலாம். தொழிற்பேட்டையை அடுத்த இடமாதலின், மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வு செய்துகொள்ளுதலும் இன்றியமையாதது.

மூன்றாவது காற்று. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னைக்கருகே கரை கடந்த வர்தா புயலில் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. கிளை எளிதில் முறியும் முருங்கையைக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அப்பால் நடுவதே அறிவுடைமை.

"சிறு நிலத்திற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" எனச் சிலர் வினவுவர். பெருநிலத்தில் ஒரு மரம் தவறினால் வேறிடம் உண்டு; சிறு நிலத்தில் அஃது இல்லை. ஆதலின், நிலம் சுருங்கச் சுருங்கத் திட்டத்தின் தேவை பெருகுகின்றது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் அளவு நாடாவும் போதும். முற்றத்தில் ஒரு கோலை நட்டு, காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளையும் அதன் நிழலைக் குறித்து வருதல் மாணவர்க்கும் எளிய செயலே. ஒரு நாள் தாளில் செய்த பிழையை அழிப்பான் அழிக்கும். மண்ணில் செய்த பிழையைக் கோடரியே அழிக்கும்.