கோகோவை நடச் சொல்லுமுன்

கீரமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் சென்ற மாதம் நமது மண்டிக்கு வந்திருந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் அவருடைய தென்னையைச் சாய்த்தது. மறுபடி நட்டது இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டது. "ஊடுபயிராகக் கோகோ போடலாம் என்கிறார்கள், நீங்கள் வாங்குவீர்களா முதலாளி?" என்றார். சட்டென்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கோகோ என்றால் எல்லாருக்கும் 2024 விலைதான் ஞாபகம். ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் மழைக்கோளாறும் நோயும் சேர்ந்து விளைச்சல் விழவே, கேரளத்தில் கிலோ 300 ரூபாய்க்குள் இருந்த காய்ந்த பருப்பு 1,000 ரூபாயைத் தொட்டது. உலகச் சந்தையில் அந்த டிசம்பரில் டன் 12,000 டாலரைத் தாண்டியது, ஓராண்டுக்குள் பாதியாகிவிட்டது. கன்று காய்க்கவோ மூன்று ஆண்டு ஆகும். உச்ச விலையைக் காட்டி நடச் சொல்வது நியாயமல்ல.

1980 வாக்கில் இப்படித்தான் விலை சரிந்து, வாங்கியவர்கள் விலகிக்கொண்டார்கள். கேரளத்தில் பலர் மரத்தையே வெட்டினார்கள். பாக்கு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமான காம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986 இல் கர்நாடகத்துப் புத்தூரில் சாக்லேட் ஆலை கண்டது.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. காயை உடைத்து எடுக்கும் விதையைச் சதையோடு பெட்டியில் குவித்து, கிளறிவிட்டு, ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். அதன்பிறகுதான் வெயிலில் காய்ச்சல். புளிக்காத பருப்பில் சாக்லேட் மணமே வராது. ஒரு ஏக்கர்காரரிடம் சேரும் விதை பெட்டியின் அடியைக்கூட மறைக்காது. குவியல் சிறிதானால் சூடு ஏறாது. (அணிலும் எலியும் தின்றதுபோக என்பதையும் சேர்த்துக் கொள்க.)

ஆகவே ஈர விதையாகவே வாங்கி, ஓரிடத்தில் சேர்த்துப் புளிக்க வைக்கும் வேலையை வியாபாரிகள் ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. கீரமங்கலத்தில் ஒரு களமும் நாலைந்து மரப்பெட்டியும் போதும். ஆலைக்காரரிடம் குறைந்தபட்ச விலையை எழுத்தில் வாங்கிய பிறகே கன்று நடச் சொல்லலாம். எடை விவசாயி கண்முன் போட வேண்டும். ஈரக் கழிவு என்று நம்மில் சிலர் இஷ்டத்துக்குப் பிடிக்கும் வழக்கம் இங்கே உதவாது. ஈரமானி வைத்துப் பார்த்துச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

"இதெல்லாம் நமக்கெதற்கு?" என்பார்கள். கஜாவுக்குப் பிறகு நம் கடைகளின் பற்று நோட்டு எப்படிக் கிடந்தது என்று புரட்டிப் பார்க்கட்டும்.

அந்த விவசாயிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மழைக்கு முன் நட வேண்டுமாம். புரட்டாசிக்குள் சொல்லியாக வேண்டும்.