விளையாட்டு எதைக் கற்பிக்கிறது?

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எறிபந்துக் குழுவுக்குத் தலைவியாக இருந்தேன். அது வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில். விளையாட்டு வகுப்பு தொடங்கியதும் இரண்டு தலைவியர் எதிரெதிரே நின்று, மாறி மாறித் தோழியரின் பெயரைச் சொல்லித் தம் பக்கம் அழைத்துக்கொள்வது வழக்கம். கைவலு உள்ளவர்கள் முதலில் போவார்கள். அடுத்து நெருங்கிய தோழியர். கடைசியில் ஒவ்வொரு முறையும் ஒரே பெண்தான் தனியாக நிற்பாள். சற்றுப் பருத்த உடல், தடித்த மூக்குக்கண்ணாடி. அவள் பெயரை யாரும் சொல்வதுகூட இல்லை. மிஞ்சியவள் எந்தப் பக்கம் என்பது தானே தெரிந்துவிடுமல்லவா?

ஒருநாள், “அவளை நீங்களே வெச்சுக்குங்கடி” என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து விளையாட்டு வகுப்பு வரும் நாளில் அவளுக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்தது. அவ்வாண்டு கோப்பையை வென்றது எங்கள் குழுதான். கூட்டுணர்வுக்கு எடுத்துக்காட்டு என்று மேடையில் என்னைப் பாராட்டினார்கள்.

விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று கட்டுரை எழுதாத மாணவி நம் வகுப்புகளில் எவளும் இருக்கமாட்டாள். நானும் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் எந்த விளையாட்டு, எந்த விதியோடு என்று கேட்காமல் இப்படிச் சொல்வது சரியன்று என்பதே இப்போது என் கருத்து.

மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்வோம். விழாக்களில் இது இல்லாமல் முடியாது. பாட்டு நிற்கிறது, நாற்காலி கிடைக்காத பெண் வெளியே போகிறாள். முதலில் வெளியேறுபவள் யார்? பெரும்பாலும் கூச்சமுள்ளவள், மெதுவாக ஓடுபவள். அதாவது, விளையாட்டு யாருக்கு மிகவும் தேவையோ அவளையே முதலில் அனுப்பிவிட்டு, தேவையில்லாதவளைக் கடைசிவரை ஆடவிடுகிறோம். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஆர்லிக் என்னும் விளையாட்டு உளவியலாளர், கூட்டுறவு விளையாட்டுகளைப் பற்றி 1978-இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர் பரப்பிய முறையில், பாட்டு நிற்கும்போது நாற்காலியைத்தான் எடுக்கவேண்டும், ஆளை எடுக்கக்கூடாது. நாற்காலிகள் குறையக் குறைய, மடியிலும் விளிம்பிலுமாக எல்லோரும் ஒட்டி உட்கார்ந்தாகவேண்டும். வெளியே நின்று பார்ப்பவர் எவருமில்லை. அதே பாட்டு, அதே நாற்காலி. மாறியது ஒரே ஒரு விதிதான்.

அப்படியானால் போட்டியே கூடாதா, உலகம் முழுவதும் போட்டியாயிற்றே என்று பெற்றோர் கேட்கலாம். போட்டி இருக்கட்டும். நம் கோ-கோவில் இல்லாத போட்டியா? வழக்கமான ஆட்டத்தில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுவரிசையில் மாற்றி மாற்றி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாமவள் துரத்துகிறாள். அவள் வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போகக்கூடாது. தொடங்கிய திசையிலிருந்து திரும்பி ஓடவும் கூடாது. எவ்வளவு வேகக்காரியாக இருந்தாலும், ஓடுபவள் அடுத்த பக்கம் நுழைந்துவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டுக் ‘கோ’ சொல்லித் தன் இடத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். விட்டுக்கொடுப்பது அங்கே நற்குணம் மட்டுமன்று. ஆட்டத்தின் விதியே அதுதான். 2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய மகளிர் அணி நேபாளத்தை வென்று பட்டம் பெற்றதை நம் மாணவியர் அறிந்திருப்பர்.

மூன்று கால் ஓட்டமும் இவ்வகையே. வேகமாக ஓடுபவள் தன் நடையைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் இருவரும் மண்ணில்தான்.

இல்லங்களாகப் பிரிந்து நாம் நடத்தும் போட்டிகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்னும் இடத்தில், முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 22 சிறுவர்களை ஒரு கோடை முகாமில் வைத்து ஆராய்ந்தார்கள். (சிறுவர்களுக்கு அது ஆராய்ச்சி என்றே சொல்லவில்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை.) முன்பின் அறியாத அப்பிள்ளைகளை இரண்டு அணிகளாக்கிப் பந்தாட்டம், கயிறு இழுத்தல் எனப் போட்டிகள் வைத்துப் பரிசும் அறிவித்தனர். சில நாட்களில் ஓர் அணி மற்றதன் கொடியை எரித்தது. குடிலுக்குள் புகுந்து பொருள்களைக் கலைத்தார்கள். ஒன்றாக உட்காரவைத்து உணவு கொடுத்தபோது அந்த உணவையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். சேர்ந்து உட்காருவதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன்பின் முகாமுக்குத் தண்ணீர் வரும் குழாயை அடைத்துவைத்தார்கள். இரண்டு அணிகளும் சேர்ந்து காரணத்தைத் தேடவேண்டியதாயிற்று. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றதும், கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராகப் பிடித்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்தபின் பகை தணிந்தது. ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகவேண்டும் என்று அவர்களே கேட்டார்களாம்.

கயிறு இழுத்தலை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்புப் பெண்களே என்னை விடமாட்டார்கள். ஆனால் விளையாட்டு விழாவில் சிவப்பும் நீலமும் ஒரே பக்கம் நின்று செய்யவேண்டிய ஆட்டம் ஒன்றாவது இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் மணி அடிக்கக் காத்திராமல், பத்து நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்து, “இன்றைக்கு யாருக்குப் பந்தே வரவில்லை? ஏன்?” என்று மாணவியரையே கேட்போம். அந்தப் பதில்கள் நமக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கும். சென்ற மாதம் என் வகுப்பில் கேட்டபோது ஆறு கைகள் உயர்ந்தன. அந்த ஆறு பேரும் ஆர்வமாக ஆடுகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

குழு பிரிக்கத் தலைவியர் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை மட்டும் இந்த ஆண்டோடு விட்டுவிடலாம் என்று சகோதரிகளையும் உடற்கல்வி ஆசிரியையையும் கேட்டுக்கொள்கிறேன். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். பெயர் எழுதிச் சீட்டு மடிக்கும் வேலையை நானே செய்து தருகிறேன்.