வயசானா அப்படித்தானா?

நம்ம நாட்டில் அதிகம் பேருக்கு எழுதித் தரப்படும் மருந்துச்சீட்டு எது தெரியுமா? 'வயசானா அப்படித்தான்!' ஃபீஸ் கிடையாது. பக்கத்து வீட்டு மாமியில் இருந்து ரயிலில் எதிர் சீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம் :-) இங்கே தில்லிப் பக்கம் 'உமர் ஹோ கயி' என்பார்கள். பாஷைதான் வேற, சீட்டு அதே சீட்டு.

இது அதிகம் செலவாவது கண்ணுக்கும் முழங்காலுக்கும்தான். என் கட்சி என்னவென்றால், காத்திருக்கலாம் என்கிற நோயையும் காத்திருக்கவே கூடாது என்கிற நோயையும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கணும்.

முதலில் கண்.

கண்புரை பெரும்பாலும் வயதோடு வருவதுதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குகிறது. அதை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைத்தால், கண்ணில் வேறு கோளாறு இல்லாதவரை, பார்வை திரும்பிவிடும். எந்தச் சொட்டு மருந்துக்கும் புரை கரையாது. 'நல்லா முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்பது பழைய காலத்து ஆபரேஷனுக்குச் சொன்னது. இன்றைக்கு முற்ற விட்டால் ஆபரேஷன்தான் சிரமமாகும். ரொம்பவே முற்றினால் கண்ணின் அழுத்தமும் ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'எங்கப்பா இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு வகைப் புரை ஆரம்பிக்கும்போது கிட்டப்பார்வை ஏற்பட்டு, படிக்கிற கண்ணாடி கொஞ்ச நாளைக்குத் தேவைப்படாமல் போகும். கண்ணுக்கு இளமை திரும்பவில்லை சாமி, புரை வந்துகொண்டிருக்கிறது.

கிளாக்கோமா அப்படி இல்லை. கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. இதில் பரவலான வகைக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிப்பதால் தெரிவதே இல்லை. 'அம்மா வாசப்படியில் இடிச்சுக்கிறா, வயசாயிடுச்சு' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். போன பார்வை போனதுதான், எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. மருந்தெல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம், ஆகவே 40 தாண்டிய நாமும் லிஸ்ட்டில் உண்டு.

சர்க்கரைக்காரர்களின் விழித்திரைக் கோளாறும் இதே ரகம். ஆரம்பத்தில் பார்வை பளிச்சென்றே இருக்கும். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம், மருந்து விட்டு கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்கணும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது.

இப்போது மூட்டு. இங்கேயும் அதே குழப்பம்தான்.

'ஜவ்வு தேஞ்சிடுச்சு' என்பார்களே, அந்தத் தேய்மானத்தில் காலையில் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இதற்கு 'அசையாம உக்காருங்க' என்பதுதான் மோசமான வைத்தியம். நடக்காவிட்டால் தொடைத் தசை மெலியும், முட்டியைத் தாங்க ஆளிருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி இறக்குவது போன்ற எளிய பயிற்சிகள் நிஜமாகவே உதவும். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது.

ஆனால் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இது வயதானவர்களுக்கு மட்டும் வருவதில்லை, முப்பதுகளில் இருக்கும் பெண்களுக்கும் வருகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. சீக்கிரம் மருந்தைத் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம். தள்ளிப்போடுகிற மாதங்களுக்கு விலை உண்டு.

கண்ணையும் மூட்டையும் ஏன் ஒன்றாக எழுதுகிறேன் என்றால், இரண்டும் கொடுக்கல் வாங்கல் உள்ள பங்காளிகள். முடக்குவாதம் கண்ணை வறளச் செய்யும். அதற்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை (2020 கொரோனா சமயத்தில் பிரபலமானதே, அதேதான்) வருஷக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கணும். இளவயதுக்காரருக்குக் காலையில் முதுகு விறைத்து, நடந்தால் சரியாகி, நடுவில் கண் சிவந்து வலித்தால், இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். ஆனால் அவர் முதுகுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு மெடிக்கல் ஷாப் சொட்டு என்று அலைந்துகொண்டிருப்பார்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது மூட்டுவலிப் பொடிகள் மேல்தான். லேபிள் இல்லாத பொட்டலம், 'பக்கவிளைவே கிடையாது' என்ற உத்தரவாதம், மூன்றே நாளில் வலி மாயம். இப்படி மாயமானால் சந்தேகப்படுங்க. இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. நாள்பட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைப் பலவீனமாக்கும், புரையைச் சீக்கிரம் கொண்டுவரும், சிலருக்குக் கிளாக்கோமாவையும் தரும். முட்டிக்கு வாங்கியதற்குக் கண் பில் கட்டுகிறது! (ரொம்ப நாளாகச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போகணும்.)

'அப்படித்தான்' என்று விட்டுவிடாத ஒருவரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ராணுவ மருத்துவராக இருந்தவரை முப்பது வயதுவாக்கில் முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். அரசு வேலையில் ரிடையர் ஆனபின், 58 வயதில், 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணும் மூட்டும் ஒரே மனிதரில் சந்தித்த கதை அது.

நம்மை மாதிரி ஊரை விட்டு வந்தவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறோம், தினமும் போன் பண்ணி 'சாப்டீங்களா' கேட்கிறோம். அடுத்த லீவில் இதையும் செய்யலாம்:

1. அப்பா அம்மாவுக்கு முழுக் கண் பரிசோதனை. அழுத்தம், நரம்பு, விழித்திரை மூன்றும்.
2. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை, சொட்டு, பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுவது. கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் இதில் சேர்த்தி, கிட்னிக்கும் வயிற்றுக்கும் அது ஆகாது.
3. காலை விறைப்பு எத்தனை நிமிஷம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது.
4. பாத்ரூமில் ஒரு கைப்பிடி, படிக்கட்டில் ஒரு நல்ல லைட்.

மங்கலான கண்ணும் நடுங்கும் முட்டியும் சேர்ந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியும். வயசாவதைத் தடுக்க முடியாதுதான். அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரும் மற்ற நோய்களை வாசலிலேயே நிறுத்தி 'நீ யாருப்பா?' என்று கேட்கலாமே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. திடீரென்று பார்வை குறைந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ, ஒரு மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, லீவு வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போகணும்.